பாதுகாப்பு சார்ந்த அரசு டெண்டர்களில் உள்நாட்டு முன்னுரிமை: கணக்கும் சான்றும் தயாரிப்பது எப்படி

மத்திய அரசு டெண்டர்களில் உள்நாட்டு உற்பத்தியாளருக்கு முன்னுரிமை உண்டு என்பது சிறு தொழில் நடத்தும் பலருக்கும் தெரியும். அது எதன் அடிப்படையில் கிடைக்கிறது என்பதில்தான் தடுமாற்றம். தொழிற்சாலை ஓசூரில் இருக்கிறது, ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது, சிறு நிறுவனப் பதிவான உத்யம் சான்றிதழ் இருக்கிறது என்பதெல்லாம் போதாது. விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும், ஒவ்வொரு டெண்டருக்கும் அதன் மதிப்பில் எவ்வளவு இந்தியாவில் சேர்ந்தது என்று தனியாகப் போட வேண்டிய சதவீதக் கணக்கு ஒன்று இருக்கிறது. அந்தக் கணக்கைப் பாகப் பட்டியலின் கடைசி வரி வரை போட்டு, பில்லோடு வைத்திருப்பவரால்தான் கேள்வி வரும்போது பதில் சொல்ல முடியும். இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்தக் கணக்கைப் பற்றியது.

அரசு எதற்காக இதைக் கேட்கிறது என்று புரிந்துகொண்டால் விதிகளும் எளிதாகப் புரியும். போர்க்காலத்தில் வெளிநாடு சப்ளையை நிறுத்தினால் உதிரிபாகம் எங்கிருந்து வரும் என்பது முதல் கவலை. பொருளை விற்கும் நிறுவனம் உண்மையில் யார் கையில் இருக்கிறது என்பது இரண்டாவது. கருவிக்குள் யாரும் அறியாத வழி ஏதாவது திறந்து கிடக்கிறதா என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் மூன்று தனித்தனி விதித்தொகுப்புகள் உள்ளன. ஒன்றில் தேறினால் மற்றொன்றில் தேறியதாக ஆகாது. 70 சதவீதம் உள்நாட்டு மதிப்பு உள்ள கேமராவும் பாதுகாப்புச் சோதனையில் விழலாம். எல்லாச் சோதனையிலும் தேறிய கருவியை விற்பவர், பங்குதாரர் விவரத்தில் சிக்கி வெளியேறலாம்.

முதலில் டெண்டரை எப்படிப் படிப்பது

அடிப்படை ஆணை 2017 ஜூன் 15 அன்று வந்த ‘மேக் இன் இந்தியா’ பொதுக் கொள்முதல் முன்னுரிமை ஆணை. பொது நிதி விதிகள் 2017இன் 153(iii) விதியின் கீழ் வந்தது. பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது, 2020 ஜூன், செப்டம்பர் திருத்தங்களும் 2024 ஜூலை 19 திருத்தமும் முக்கியமானவை. பழைய நகலை வைத்துக்கொண்டு விலைப்புள்ளி தயாரிக்காதீர்கள். டெண்டர் வெளியான நாளில் எந்த வடிவம் நடப்பில் இருந்ததோ அதை எடுத்து வையுங்கள்.

ஆணை சப்ளையர்களை மூன்றாகப் பிரிக்கிறது. உள்நாட்டு உள்ளடக்கம், அதாவது பொருளின் விலையில் இந்தியாவில் சேர்ந்த மதிப்பின் பங்கு, 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முதல் வகுப்பு. 20 முதல் 50க்குக் கீழ் வரை இரண்டாம் வகுப்பு. 20க்குக் கீழே போனால் உள்நாட்டுச் சப்ளையரே அல்ல. கொள்முதல் முன்னுரிமை முதல் வகுப்புக்கு மட்டும்தான். இரண்டாம் வகுப்பினர் டெண்டரில் கலந்துகொள்ளலாம், சலுகை கிடையாது. மூன்றாமவர் உலகளாவிய டெண்டரில்தான் நுழைய முடியும். 200 கோடி ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு உரிய அதிகாரியின் சிறப்பு அனுமதி இல்லாமல் உலகளாவிய டெண்டர் விடக்கூடாது என்பது 2020 மே முதல் இருக்கும் விதி.

டெண்டர் ஆவணம் கையில் வந்ததும் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, அந்தப் பொருளுக்குரிய அமைச்சகம் ‘உள்நாட்டில் போதிய திறனும் போட்டியும் இருக்கிறது’ என்று அறிவித்திருக்கிறதா? அறிவித்திருந்தால் முதல் வகுப்பினர் மட்டுமே போட்டியிடலாம். இரண்டாவது, அமைச்சகம் அந்தப் பொருளுக்குத் தனிச் சதவீதமோ தனிக் கணக்கு முறையோ வைத்திருக்கிறதா? மின்னணுப் பொருள்களிலும் தொலைத்தொடர்புக் கருவிகளிலும் இது உண்டு. இருந்தால் கீழே சொல்லும் பொதுக் கணக்கு செல்லாது, அதைத்தான் பின்பற்ற வேண்டும். மூன்றாவது, பொருளைப் பிரித்து இரண்டு பேருக்கு ஆர்டர் கொடுக்க முடியுமா, முடியாதா? நான்காவது, மதிப்பீடு 5 லட்சம் ரூபாய்க்குக் கீழா? கீழே என்றால் இந்த ஆணையே பொருந்தாது.

தமிழ்நாடு அரசின் துறைகள் விடும் டெண்டர் வேறு. அவற்றை 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் ஆள்கிறது. மத்திய அரசுத் திட்ட நிதியில் மாநிலத் துறை வாங்கும்போது மத்திய ஆணையும் உள்ளே வரும். ஆவணத்தில் நிதி எங்கிருந்து வருகிறது என்ற வரியைத் தவறவிடக் கூடாது.

உள்ளடக்கக் கணக்கு

சூத்திரம் ஒரு வரிதான். உள்நாட்டு மறைமுக வரிகளை நீக்கிய விற்பனை விலையிலிருந்து, சுங்க வரிகளையும் சேர்த்த இறக்குமதி மதிப்பைக் கழியுங்கள். மிச்சம் விற்பனை விலையில் எத்தனை சதவீதம் என்பதுதான் உள்நாட்டு உள்ளடக்கம். கூலி, வாடகை, லாபம் எல்லாம் அந்த மிச்சத்துக்குள் தானாக வந்துவிடும். அதனால் செலவுகளைத் தனித்தனியாகக் கூட்டி உள்நாட்டு மதிப்பு காட்ட முயல வேண்டாம். இறக்குமதியைச் சரியாகப் பிடிப்பதுதான் வேலை.

ஒரு கற்பனைக் கருவியை எடுத்துக்கொள்வோம்: எல்லைக் கண்காணிப்புக் கோபுரத்தில் வைக்கும் மின்வழங்கிப் பெட்டி. ஜிஎஸ்டி இல்லாமல் விலை 1,00,000 ரூபாய். அதில் 12,000 ரூபாய் நிறுவுதலுக்கும் பயிற்சிக்கும். நீங்களே நேரடியாக இறக்குமதி செய்யும் சிப்புகளும் பவர் மாட்யூலும் சுங்கத்தோடு 22,000. பெரும்பாலானவர்கள் இந்த 22,000ஐ மட்டும் கழித்து 78 சதவீதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

கனெக்டர்களைச் சென்னை டீலரிடம் 9,000 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். பில் ரூபாயில், ஜிஎஸ்டியோடு இருக்கிறது. ஆனால் சரக்கு இறக்குமதியானது. உள்ளூர் விநியோகஸ்தரிடம் வாங்கிய இறக்குமதிப் பொருளை உள்நாட்டு மதிப்பாகக் காட்டக் கூடாது என்று ஆணை தெளிவாகச் சொல்கிறது. 9,000 முழுவதும் இறக்குமதிப் பக்கம் போகிறது.

பேட்டரி பேக் உள்ளூர் நிறுவனம் ஒன்று கட்டித் தருகிறது, விலை 16,000. உள்ளே இருக்கும் செல்கள் வெளிநாட்டவை. அவற்றின் மதிப்பு 11,000. இந்த 11,000ஐ பேக் செய்பவர் எழுத்தில் தர வேண்டும். தர மறுத்தால் 16,000 முழுவதையும் இறக்குமதி என்று வைத்துக் கணக்குப் போடுவதே பாதுகாப்பு. கன்ட்ரோலர் மென்பொருளுக்கு வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஒரு கருவிக்கு 3,000 லைசென்ஸ் கட்டணம் போகிறது. வெளிநாட்டுக்குப் போகும் ராயல்டி, லைசென்ஸ், தொழில்நுட்பக் கட்டணம் எதுவும் உள்நாட்டு மதிப்பில் சேராது.

இப்போது இறக்குமதி 22,000 + 9,000 + 11,000 + 3,000 = 45,000. மிச்சம் 55 சதவீதம், முதல் வகுப்பு என்று தோன்றும். இன்னும் முடியவில்லை. போக்குவரத்து, காப்பீடு, நிறுவுதல், பயிற்சி, ஆண்டுப் பராமரிப்பு ஆகியவற்றை உள்நாட்டு மதிப்புக் கூட்டலாகக் காட்டக் கூடாது என்று 2021 மார்ச்சிலேயே மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறை (டிபிஐஐடி) விளக்கிவிட்டது. ஆகவே அந்த 12,000ஐ எடுக்க வேண்டும். இரண்டு விதமாகப் போட்டுப் பாருங்கள். முழு விலையை அடியில் வைத்தால் 43,000/1,00,000, அதாவது 43 சதவீதம். சேவையை மேலும் கீழும் நீக்கினால் 43,000/88,000, அதாவது 48.9 சதவீதம். எப்படிப் போட்டாலும் இரண்டாம் வகுப்புதான். 78 என்று எழுதிக் கொடுத்தவர் பொய்ச் சான்று கொடுத்தவராகிறார்.

சரிசெய்ய எந்தப் பாகத்தைத் தொடுவது? விலை கூடிய பாகத்தை முதலில் மாற்ற நினைப்பது இயல்பு. ஆனால் அது பெரும்பாலும் சிப்பாக இருக்கும். மாற்றினால் வடிவமைப்பே மாறும், சோதனைகளை மறுபடி முழுதாகச் செய்ய வேண்டும். மாற்றியும் தரச் சோதனை சிறிதாக முடியும் பாகத்தைத் தேடுங்கள். இந்தக் கருவியில் அது கனெக்டர். ராணுவத் தரக் கனெக்டர்கள் இந்தியாவிலேயே செய்யப்படுகின்றன. அதை மாற்றினால் இறக்குமதி 36,000 ஆகிறது. முழு விலையை அடியில் வைக்கும் கடுமையான கணக்கில் 52 சதவீதம், மற்றதில் 59.1. இரண்டு வழியிலும் 50ஐத் தாண்டுகிறது. விளிம்பில் நிற்காமல் சில புள்ளிகள் கூடுதலாக வைத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது: டாலர் ஏறினால் உங்கள் இறக்குமதி மதிப்பு ஏறும், ஒப்பந்த விலை ஏறாது.

வெளிநாட்டுப் பொருளை வாங்கி, பெட்டி மாற்றி, தன் பெயர் ஒட்டி விற்பதை உற்பத்தி என்று காட்டுவது இந்தக் கணக்கில் எடுபடாது. எடுபடவும் கூடாது. போர் வந்தால் அந்தப் பெட்டிக்குள் இருப்பதை யாரால் பழுதுபார்க்க முடியும் என்பதுதானே கேள்வி.

எல்-1 விலைக்கு இறங்கும்போது

முன்னுரிமை என்றால் கூடுதல் விலை கொடுப்பார்கள் என்று நினைப்பது பரவலான தவறு. கிடைப்பது ஒரு வாய்ப்பு மட்டுமே: குறைந்த விலை கொடுத்தவரின், அதாவது எல்-1இன் விலைக்கு நீங்களும் இறங்கி வர ஒரு அழைப்பு. உங்கள் விலை எல்-1ஐ விட 20 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அழைப்பு வரும்.

நம் பெட்டியே உதாரணம். 200 எண்ணிக்கை வேண்டும், பிரித்துக் கொடுக்கக்கூடிய பொருள். எல்-1 இரண்டாம் வகுப்புச் சப்ளையர், 85,000 ரூபாய். உங்கள் விலை 1,00,000. 85,000இன் 20 சதவீதத்தைச் சேர்த்தால் 1,02,000. நீங்கள் எல்லைக்குள் இருக்கிறீர்கள். 100 பெட்டிகள் எல்-1க்குப் போகும். மீதி 100ஐ 85,000 விலைக்குத் தர முடியுமா என்று முதல் வகுப்பினரில் குறைந்த விலை கொடுத்தவரைக் கேட்பார்கள். அவர் மறுத்தாலோ குறைவாக ஏற்றாலோ எல்லைக்குள் இருக்கும் அடுத்தவர். யாரும் வராவிட்டால் மிச்சம் எல்-1க்கே. பிரிக்க முடியாத பொருளில் இறங்கி வருபவருக்கு முழு ஆர்டரும் கிடைக்கும். எல்-1 தானே முதல் வகுப்பு என்றால் இந்த நடைமுறையே இல்லை, முழுவதும் அவருக்கு.

இங்கே ஒரு குழி இருக்கிறது. விலையை 85,000க்கு இறக்கினால் உங்கள் இறக்குமதி 36,000 அப்படியே நிற்கிறது. சேவை 12,000 என்றே வைத்தால், கடுமையான கணக்கில் 37,000/85,000 = 43.5 சதவீதம். சேவையை நீக்கிய கணக்கில் 37,000/73,000 = 50.7. ஆக, ஆர்டர் கிடைத்த அதே நொடியில் முதல் வகுப்புத் தகுதி சந்தேகத்துக்குரியதாகிறது. விலைப்புள்ளி போடும் முன்பே ஒரு தாளில் இதை எழுதி வையுங்கள்: இந்த விலைக்குக் கீழே இறங்கினால் 50 உடையும். கடுமையான கணக்கில் அந்த விலை 96,000, மற்றதில் 84,000. விலை இறக்கும் அழைப்புக்குப் பதில் சொல்ல அதிக நாள் கிடைக்காது. அப்போது லாபத்தை மட்டும் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டு, பிறகு ஆடிட்டர் சான்று தர மறுக்கும்போது தவிப்பது நடக்கிறது.

சிறு, குறு நிறுவனமாக இருந்தால் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கையும் சேரும். அதில் எல்லை 15 சதவீதம், எல்-1 விலைக்கு இறங்கினால் குறைந்தது 25 சதவீத ஆர்டர். இரண்டும் எப்படிச் சேர்ந்து இயங்கும் என்பதைச் செலவினத் துறை 2023 மே 18 தேதியிட்ட குறிப்பில் வரையறுத்தது. எல்-1 சிறு நிறுவனமும் இல்லை, முதல் வகுப்பும் இல்லை, பொருளைப் பிரிக்கலாம் என்றால் முதலில் சிறு நிறுவனங்களுக்கு அவர்கள் பங்கு. பிறகு டெண்டர் அளவின் பாதியில் அதைக் கழித்து வரும் மிச்சம் முதல் வகுப்பினருக்கு. மீதி எல்-1க்கு. 200 பெட்டியில் இது 50, 50, 100 என்று பிரியும். நம் உதாரணத்தில் 15 சதவீத எல்லை 97,750. உங்கள் 1,00,000 அதற்கு வெளியே நிற்கிறது. சிறு நிறுவனமாக இருந்தும் அந்த வழியில் அழைப்பு வராது, உள்நாட்டு முன்னுரிமை வழியில் மட்டுமே வரும். விலையை முடிவுசெய்யும்போது இந்த இரண்டு எல்லைகளும் கண்முன் இருக்கட்டும். உத்யம் பதிவில் வணிகர் என்று மட்டும் இருந்தால் 2012 கொள்கையின் பலன் கிடையாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சான்று

10 கோடி ரூபாய்க்கு மேல் போகாத கொள்முதலில் உங்கள் சொந்த உறுதிமொழி போதும். அதற்கு மேல் என்றால், கம்பெனியாக இருந்தால் சட்டபூர்வ ஆடிட்டரோ காஸ்ட் ஆடிட்டரோ சான்றளிக்க வேண்டும். மற்ற நிறுவனங்களுக்குத் தொழில் செய்யும் பட்டயக் கணக்காளர் அல்லது காஸ்ட் அக்கவுன்டன்ட். அந்தச் சான்றில் ஆவணத்தை இணையத்தில் சரிபார்க்க உதவும் தனி அடையாள எண்ணான யுடிஐஎன் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

உறுதிமொழியில் இரண்டு விவரம் கட்டாயம்: சதவீதம், மதிப்புக் கூட்டல் நடக்கும் இடம். பலரும் இடத்துக்கு ‘இந்தியா’ என்று எழுதுகிறார்கள். இப்படி எழுதலாம்:

“டெண்டர் எண் …, பொருள் …. எங்கள் விலைப்புள்ளியில் உள்ள இந்தப் பொருளின் உள்நாட்டு உள்ளடக்கம் 52 சதவீதம். பிசிபி அசெம்பிளியும் இறுதிச் சோதனையும் ஓசூர் சிப்காட்டில் உள்ள எங்கள் ஆலையிலும், உறைப்பெட்டித் தயாரிப்பு கோயம்புத்தூரில் எங்கள் துணை ஒப்பந்ததாரரின் ஆலையிலும் நடைபெறுகின்றன. நிறுவுதல், பயிற்சி, போக்குவரத்து ஆகியவை இந்தச் சதவீதத்தில் சேர்க்கப்படவில்லை.”

கடைசி வரியை யாரும் கேட்கமாட்டார்கள். ஆனாலும் எழுதுங்கள், பிறகு புகார் வந்தால் அந்த வரி பேசும். டெண்டர் தன் சொந்தப் படிவத்தைக் கொடுத்திருந்தால் அந்தப் படிவத்திலேயே ஒரு சொல்லையும் மாற்றாமல் கொடுத்துவிட்டு, இதைத் தனி இணைப்பாக வையுங்கள்.

கூடவே ஒரு கோப்பு. பாகப் பட்டியல் வரி வாரியாக, ஒவ்வொரு வரிக்கும் வாங்கிய இடம், செய்யப்பட்ட நாடு, இறக்குமதி மதிப்பு, ஆதாரம். நேரடி இறக்குமதிக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்த இறக்குமதி ஆவணமான பில் ஆஃப் என்ட்ரி. டீலரிடம் வாங்கியதற்குத் தயாரித்த நாடு பற்றி அவரது கடிதம். துணைச் சப்ளையருக்கு அவரது சொந்த உள்ளடக்க உறுதிமொழி. இந்தக் கடிதங்களை டெண்டர் வந்த பிறகு கேட்டால் கிடைக்காது. பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ‘பில்லோடு தயாரித்த நாடு பற்றிய உறுதிமொழி தர வேண்டும்’ என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிடுங்கள்.

பொய்ச் சான்று நிரூபணமானால் இரண்டு ஆண்டு வரை தடை வரலாம். ஒரு நிறுவனம் தடை செய்தால், தடைக்காலம் முழுவதும் வேறு எந்த அரசு நிறுவனத்திலும் இந்த முன்னுரிமையைக் கேட்க முடியாது. புகார் கொடுப்பவர் பெரும்பாலும் தோற்ற போட்டியாளர். உங்கள் கருவிக்குள் என்ன பாகம் இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தவர் அவர்.

யார் கையில் நிறுவனம் இருக்கிறது

2020 ஜூலை 23 அன்று பொது நிதி விதி 144(xi) சேர்க்கப்பட்டது. இந்தியாவோடு நில எல்லை பகிரும் நாட்டைச் சேர்ந்த ஏலதாரர், தொழில் ஊக்குவிப்புத் துறை அமைத்த குழுவிடம் பதிவு பெறாமல் கலந்துகொள்ள முடியாது. பதிவுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியும் உள்துறை அமைச்சகத்தின் பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். இந்தியா கடனுதவியோ வளர்ச்சித் திட்டமோ நடத்தும் நாடுகளுக்கு விலக்கு உண்டு. மாநில அரசுகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று அரசமைப்பின் 257(1) பிரிவைச் சுட்டி மத்திய அரசு எழுதியது.

‘நாங்கள் இந்திய நிறுவனம், இது எங்களுக்கு இல்லை’ என்று கடந்துபோவது ஆபத்து. அந்த நாட்டு நிறுவனத்தின் துணை நிறுவனம், இந்திய முகவர், கூட்டு முயற்சியில் ஒரு உறுப்பினர் என எல்லாமே இதற்குள் வரும். கம்பெனியில் 25 சதவீதத்துக்கு மேல், கூட்டாண்மையில் 15 சதவீதத்துக்கு மேல் உண்மையான பலன் பெறுபவர் அந்த நாட்டில் இருந்தாலும் வரும். பங்குதாரர் இன்னொரு நிறுவனம் என்றால், அதன் பின்னால் இருக்கும் மனிதர் வரை போய்ப் பாருங்கள். வெளி முதலீடு வாங்கிய ஸ்டார்ட்-அப்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பொருள்கள் விஷயத்தில் ஒரு நுணுக்கம். முடிந்த நிலையில் உள்ள பொருளை அந்த நாட்டு நிறுவனத்திடம் வாங்கி விற்பதானால் அந்த நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். மூலப்பொருள், உதிரிபாகம், துணை அசெம்பிளி வாங்கினால் அந்த நிறுவனத்தின் பதிவு தேவையில்லை என்று 2021 பிப்ரவரி 8 விளக்கம் கூறுகிறது. ஆனால் அந்தப் பாகங்கள் உங்கள் இறக்குமதி மதிப்பில் முழுதாக ஏறும். அடுத்து வரும் பாதுகாப்புச் சோதனையிலும் கேள்வியாகும். கட்டுமானம், முழுதாக முடித்து ஒப்படைக்கும் டர்ன்கீ வேலைகளில் துணை ஒப்பந்தத்துக்கும் இந்தத் தடை உண்டு. இந்த விதிக்கான சான்றிதழ் தனி. உள்ளடக்க உறுதிமொழியோடு ஒரே தாளில் கலக்காதீர்கள். அது பொய்யானால் ஒப்பந்தத்தை உடனே முடித்துவிடலாம் என்று விதியே சொல்கிறது.

கருவிக்குள் என்ன இருக்கிறது

தொலைத்தொடர்பு வலையமைப்பில் சேரும் கருவிகளுக்கு 2021 ஜூன் 15 முதல் நம்பகமான மூலம் என்ற நடைமுறை. தேசிய சைபர் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் இதற்கான அதிகாரி. நம்பகமானது என்று குறிக்கப்பட்ட கருவியைத்தான் நிறுவனங்கள் புதிதாக இணைக்க முடியும். உரிமையாளர் விவரத்தையும் முக்கிய உதிரிபாகங்களின் மூலத்தையும் கேட்பார்கள், ஆகவே மேலே சொன்ன கோப்பு இங்கேயும் உதவும்.

சிசிடிவி கேமராக்களுக்கு 2024 ஏப்ரல் 9 அறிவிப்பு அத்தியாவசியப் பாதுகாப்புத் தேவைகளை வகுத்தது. 2025 ஏப்ரல் 9 முதல் அது இல்லாமல் சந்தைக்கே வர முடியாது. சோதனையில் பார்ப்பவற்றில் ஒன்று, போர்டில் இருக்கும் யுஏஆர்டி, ஜேடேக் போன்ற பிழைதிருத்த இணைப்புகள் மூடப்பட்டிருக்கின்றனவா அல்லது கடவுச்சொல்லால் காக்கப்பட்டிருக்கின்றனவா என்பது. மேம்பாட்டுக் காலத்தில் பொறியாளர் வசதிக்காகத் திறந்து வைத்ததை உற்பத்தி ஃபர்ம்வேரில் (கருவிக்குள் பதிந்திருக்கும் மென்பொருளில்) மூட மறப்பதால் மாதிரி திரும்பி வரும். ஃபர்ம்வேர் கையொப்பமிடப்பட்டதா, பூட் ஆகும்போது அது சரிபார்க்கப்படுகிறதா என்றும் பார்ப்பார்கள். வெளியிலிருந்து வாங்கிய ஆயத்த போர்டை அப்படியே வைத்தவர்களுக்கு இங்கே வழியில்லை: மூலக் குறியீடு அவர்களிடம் இல்லை, சிப் தயாரிப்பாளரின் ஆவணமும் இல்லை. டெண்டர் தேதியை மனதில் வைத்துச் சோதனையைத் தொடங்காமல், வடிவமைப்பு முடிந்ததுமே தொடங்க வேண்டும்.

ராணுவக் கொள்முதல்

ஆயுதப் படைகளின் மூலதனக் கொள்முதல் 2020 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த பாதுகாப்புக் கையகப்படுத்தல் நடைமுறைப்படி நடக்கிறது. இங்கே சதவீதங்கள் வேறு. உள்நாட்டில் வடிவமைத்து, உருவாக்கி, தயாரித்த பொருள் என்ற முதல் முன்னுரிமைப் பிரிவுக்கு 50 சதவீதம். ‘பை இந்தியன்’ (இந்திய நிறுவனத்திடம் வாங்குவது) பிரிவில் வடிவமைப்பும் உள்நாட்டுடையது என்றால் 50, இல்லையென்றால் 60. உலகளாவியப் பிரிவில் கலந்துகொள்ளும் இந்திய நிறுவனத்துக்கும் 30. கணக்கு துணைச் சப்ளையர்களின் அடுக்குகள் வரை இறங்கிப் போகும். வெளிநாட்டவரிடம் பெற்ற சேவையின் செலவும் கழிக்கப்படும். வடிவமைப்பு உங்களுடையது என்றால் அதைக் காட்டும் வரைபடப் பதிப்புகள், சோதனை அறிக்கைகள், மென்பொருள் பதிப்பு வரலாறு ஆகியவற்றைத் தேதியோடு சேர்த்து வையுங்கள். வடிவமைப்பு உரிமையைப் பின்னால் போய் உருவாக்கிக் காட்ட முடியாது.

அன்றாடத் தேவைகள், உதிரிபாகம், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு வருவாய்க் கொள்முதல் கையேடு இருக்கிறது. அதன் புதிய வடிவம் 2025 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. சிறு நிறுவனம் நுழைய எளிதான இடம் இதுதான்.

என்ன செய்யலாம் என்று தேடுபவருக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஸ்ரீஜன் போர்ட்டல் நல்ல தொடக்கம். பொதுத்துறை பாதுகாப்பு நிறுவனங்கள் இதுவரை இறக்குமதி செய்துவந்த பாகங்களை அதில் பட்டியலிட்டிருக்கின்றன. ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் போன்ற நிறுவனங்களின் பாகங்களைத் தேடி விருப்பம் தெரிவிக்கலாம். விருப்பம் தெரிவித்துவிட்டுக் காத்திருந்தால் போதாது. வரைபடமும் மாதிரியும் கேட்டு எழுதுங்கள். ஆண்டுத் தேவை எத்தனை என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். ஆண்டுக்கு 40 வால்வு மட்டுமே வேண்டிய இடத்தில் அச்சுக்கும் சோதனைக்கும் பல லட்சம் செலவழித்தால் மீளாது. 2020 முதல் 2023 வரை ஐந்து பட்டியல்களில் 509 பொருள்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் குறித்த காலத்துக்குப் பின் இறக்குமதி இல்லை என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்திருக்கிறது. உங்கள் பாகம் அதில் உள்ள பெரிய கருவியொன்றில் போய்ச் சேருமானால் தேவை நிலையாக இருக்கும். புதுக் கருவி உருவாக்குபவர்களுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் புத்தாக்கத் திட்டமான ஐ-டெக்ஸின் மானியம் உண்டு, அடிப்படைத் திட்டத்தில் 1.5 கோடி ரூபாய் வரை. சென்னை, ஓசூர், கோயம்புத்தூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து முனைகள் கொண்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் இடம் தேடுபவர்கள் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவை அணுக வேண்டும்.

டெண்டர் நிபந்தனையே தடையாக இருந்தால்

சில டெண்டர்களில் வெளிநாட்டு பிராண்ட் பெயரோ, இந்தியாவில் யாரும் பெற்றிராத வெளிநாட்டுச் சான்றோ, தேவைக்கு மீறிய அனுபவமோ கேட்கப்பட்டிருக்கும். முதல் வகுப்புச் சப்ளையரை விலக்கும் இத்தகைய நிபந்தனைகள் கூடாது என்று 2017 ஆணையே சொல்கிறது. ஆட்சேபணையை முன்-ஏலக் கூட்டத்துக்கு முன், எழுத்தில் கொடுங்கள். விலை திறந்த பிறகு கொடுத்தால் எடுபடுவது அரிது. ‘நிபந்தனை நியாயமற்றது’ என்று பொதுவாக எழுதினால் ‘டெண்டரின்படி’ என்று ஒரு வரிப் பதில்தான் வரும். பிரிவு எண், அது கேட்பது, அந்தப் பயன்பாட்டுக்கு உண்மையில் தேவைப்படும் அளவு, அதை நிறைவுசெய்யும் இந்தியத் தரநிலை எண், மாற்றாக நீங்கள் முன்மொழியும் சொற்கள் என்ற வரிசையில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். அதிகாரி அதை அப்படியே திருத்த அறிவிப்பில் நகலெடுக்க முடிய வேண்டும். கொள்முதல் நிறுவனம் அசையாவிட்டால் அந்தப் பொருளுக்குரிய அமைச்சகத்துக்கும் தொழில் ஊக்குவிப்புத் துறைக்கும் நகல் அனுப்பலாம்.

ஆர்டர் கிடைத்த பிறகு

ஒப்பந்தம் ஓடும்போது பாகம் மாறுவது சாதாரணம். ஒரு சப்ளையர் கைவிடுவார், இன்னொருவரிடம் அவசரமாக வாங்க வேண்டிவரும். அப்படி வாங்கியது இறக்குமதிச் சரக்கா என்று ஸ்டோர்ஸ் பிரிவு பார்ப்பதில்லை. அவர்களுக்குப் பாக எண் பொருந்தினால் போதும். ஆகவே பாகப் பட்டியலில் 50 சதவீதத்தைத் தாங்கி நிற்கும் வரிகளுக்குத் தனிக் குறி போடுங்கள். குறி உள்ள பாகத்தை மாற்றக் கணக்குப் பிரிவின் ஒப்புதல் வேண்டும் என்று நிறுவனத்தின் கொள்முதலையும் கணக்கையும் நடத்தும் இஆர்பி மென்பொருளிலேயே பூட்டிவிடுங்கள். மாற்றம் தவிர்க்க முடியாதென்றால் சதவீதத்தை மறுபடி கணக்கிட்டு, 50க்குக் கீழே போவதாக இருந்தால் சரக்கு அனுப்பும் முன்பே வாங்கும் நிறுவனத்துக்கு எழுதுங்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் கணக்குத்தாள், பில் நகல், துணைச் சப்ளையர் உறுதிமொழி மூன்றையும் லாட் எண்ணோடு சேர்த்து அடுக்குங்கள். உத்தரவாதக் காலம் முடிந்து கடைசிப் பணம் வரும்வரையிலாவது அந்தக் கோப்புகள் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.